ஓடும் வண்டி இடைவழியில் நிற்பதேன்?

தமிழாசிரியராகிய எமக்கு மோட்டார் வண்டியில் என்ன அலுவல் என வினவுவோர் இருத்தல் கூடும். எழுவாய் மறைந்து நிற்கும் வாக்கியத்தில் வினைமுற்றின் விகுதி கொண்டு அதனை அறிதல் நம் மாணவர்க்குப் பழக்கமானதே. நின்ற வண்டிக்கும் அம்முறை பொருந்தும். எஞ்சின் நின்ற விதமே மறைந்த காரணத்தைக் காட்டிக் கொடுக்கும்.

நல்ல நிலையிலுள்ள பெற்றோல் எஞ்சின் ஓடுதற்குத் தக்க அளவிற் காற்றுடன் கலந்த எரிபொருளும், அதனை உரிய தருணத்திற் பற்றவைக்கும் மின்பொறியும் வேண்டும். 1948இல் அறிமுகமாகி, இன்றும் நம் நாட்டு வீதிகளிற் காணப்படும் மொறிஸ் மைனரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஊதி அணைத்த விளக்குப்போல எஞ்சின் சட்டென நிற்பின், முதலில் மின்பொறியை ஐயுறுக. கொயிலிற் கழன்ற கம்பி, கரிபிடித்த பொயின்ற், பழுதான கொண்டென்சர் என்பன வழக்கமான காரணங்கள். மழைநீரைக் கடந்தபின் நிற்பின், டிஸ்ரிபியூற்றர் மூடியினுள் ஈரம் புகுந்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தலே பெரும்பாலும் போதும்.

எண்ணெய் வற்றிய விளக்குப்போலத் தயங்கி, உதறி, வலுக்குன்றி நிற்பின், எரிபொருள் வரத்தை நோக்குக. மைனரின் பெற்றோல் பம் மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக்' என ஒலித்து, காபுரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் அடங்கும். ஓயாது ஒலிப்பின் தாங்கி வறண்டிருக்கலாம். அன்றேற் குழாயிற் காற்றுப் புகலாம். காபுரேற்றர் வறண்டிருந்தும் ஒலி எழாவிடின், பழுது பம்மிலோ அதற்குரிய மின்கம்பியிலோ உள்ளது. தாங்கியின் மூடியைத் திறந்ததும் காற்று உட்புகும் ஓசை கேட்டு, வண்டி மீண்டும் ஓடின், மூடியின் காற்றுத்துளை அடைபட்டதே காரணமாகலாம்.

எரிபொருள் இருத்தல் மட்டும் போதாது. அது ஆவியாதலும் வேண்டும். 1990களிற் போர்க்காலத் தடையாற் பெற்றோல் அரிதாகிய யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இதற்குச் சான்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாமையால், சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றினர். அது முற்றாகக் குளிர்ந்தால் மறுபடியும் பெற்றோல் வேண்டியதாயிற்று.

சூடேறி நின்று, ஆறியபின் உயிர்பெறும் வண்டியே பெரிதும் மயக்கந் தருவது. பெற்றோல் குழாயிலேயே ஆவியாகி வழியடைத்தல் ஒரு காரணம். வெப்பத்தாற் கொயில் செயலிழத்தல் மற்றொன்று. நின்ற உடனே பொறி உண்டா எனச் சோதித்தால் இவற்றைப் பிரித்தறியலாம். ஆறிய வண்டியைக் கராச்சிற் காட்டின் மெக்கானிக் குறை காணார். நாமோ வேண்டாத உதிரிப்பாகங்களுக்குப் பணங்கொடுத்துப் பழைய பழுதுடனே திரும்புவோம்.

புதிய வண்டிகளிற் பொயின்ற் இல்லை. மின் உணரிகள் உள. சுழல்தண்டின் நிலையை அறிவிக்கும் உணரி வெப்பத்தாற் செயலிழப்பின் அவையும் சட்டென நிற்கும். கருவி மாறினும் ஆராயும் முறை மாறவில்லை.

எனினும், ஆராய்ச்சிக்கு முன்னர் உயிர்க்காப்பு. எஞ்சின் நின்றதும், புதிய வண்டிகளிற் பிரேக்கும் ஸ்ரியறிங்கும் கடினமாகும், ஆயினும் வேலைசெய்யும். பிரேக்கை விட்டுவிட்டு மிதியாது ஒரே சீராக அழுத்தி, சாவியைப் பூட்டுநிலைக்குத் திருப்பாது, வண்டியை ஓரஞ்சேர்க்க. அதன்பின், முன்மூடியைத் திறப்பதற்கு முன், "எவ்வாறு நின்றது?" என ஒருகணம் எண்ணுக. பாதி விடை அவ்வினாவிலேயே உளது.