யூ டர்ன் அடிச்ச ஆறுகள்... ரெண்டான ஈக்கள்!

மதிய கிளாஸ்ல சாமியாடுற பார்ட்டியைப் பார்த்து, 'தூக்க வியாதியாடா மச்சி?'னு கலாய்ப்போம்ல... நிஜமாவே ஆப்பிரிக்காவில் அப்படி ஒரு வியாதி உண்டு மக்களே! ஆனா, அது காமெடி இல்லை. 1900 முதல் 1920 வரை உகாண்டாவில் மட்டும் ரெண்டு லட்சம் பேருக்கு மேல் பலிவாங்கியது. ரத்தம் குடிக்கும் செட்சி ஈ கடிச்சா, ஒட்டுண்ணி உள்ளே போய்க் கடைசியில் மூளையையே தாக்கும். பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு, சிகிச்சை இல்லேன்னா மரணம்!

உகாண்டாவில் இதைப் பரப்புறது ஆற்றங்கரைப் புதர்களில் வாழும் ஒரு வகை செட்சி. சுமார் 1,000 ஈக்களின் மரபணுவை அலசிய ஆய்வு 2010-ல் வெளியானது. பார்க்க எல்லாம் ஒரே ஜாடை. ஆனா, தாய்வழி டி.என்.ஏ-வில் ரெண்டு வம்சம்! ஒண்ணு வடக்கே, இன்னொண்ணு தெற்கே. நாட்டின் நடுவில் ஒரு குறுகலான பட்டையில் மட்டும்தான் ரெண்டும் சந்திக்குது.

பிரிச்சது யாரு? சந்தேக லிஸ்ட்டில் இருப்பது ஆறுகள்! கஃபு, கடோங்கா ஆறுகள் ஒரு காலத்தில் மேற்கு நோக்கி ஓடின. லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன் மேற்குப் பக்கம் நிலம் மெல்ல உயர, தண்ணீர் யூ டர்ன் அடிச்சுது. அப்படித் தேங்கியதில் உருவானவைதான் விக்டோரியா, கியோகா ஏரிகள். கரையோர நிழலை நம்பி வாழுற ஈக்கு, ஆறு தடம் மாறுறது நம்ம ஊருக்கு பஸ் ரூட்டையே மாத்தின மாதிரி. ரெண்டு வம்சத்துக்கும் எல்லைக்கோடு கிட்டத்தட்ட கியோகா ஏரியை ஒட்டியே போகுதுங்கிறதைக் கவனிங்க!

'இது தெரிஞ்சு என்ன பாஸ் பிரயோஜனம்?'னு கேட்கிறீங்களா? சான்சிபார் தீவில் மலட்டு ஆண் ஈக்களைப் பறக்கவிட்டு 1997-ல் செட்சியையே ஒழிச்சாங்க. அது தீவு, வெளியிலிருந்து புது ஈ வர வழியில்லை. உகாண்டா அப்படியில்லை. ஒரு கரையில் ஒழிச்சா, பக்கத்துக் கரையிலிருந்து வந்து குடியேறிடும். எந்தக் கரைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் சுத்தம் பண்ணணும்னு சொல்றது டி.என்.ஏ-தான்!

இன்னொரு எச்சரிக்கையும் அதே ஆய்வில் இருக்கு. தெற்கு ஈக்களின் மரபணு, பட்டையைத் தாண்டி வடக்கே நகருது. வடமேற்கில் மெல்லக் கொல்லும் ரகம், தென்கிழக்கில் வேகமாகக் கொல்லும் ரகம்னு நோயிலும் ரெண்டு உண்டு. ரெண்டும் ஒரே ஊரில் கலந்தா, எது என்னனு கண்டுபிடிச்சு மருந்து தர்றது டாக்டர்களுக்குப் பெரும் சவால்!

அதனால, அடுத்த தடவை பயோடெக் ஃப்ரெண்ட் 'ஜீன்'னு ஆரம்பிச்சா எஸ்கேப் ஆகாதீங்க. பக்கத்தில் ஜியாலஜி பார்ட்டியையும் உட்காரவைங்க. ரெண்டு பேரும் சேர்ந்தாதான் கதை முழுசாகும்!