பழைய மரச்சாமானுக்குப் பாற்பூச்சு

நெய்வேலியில் லிக்னைட் நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன்பின் எழுந்த நகரியத்திலும், அதனைச் சூழ்ந்த ஊர்களின் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பழைய மேசைகளும் பெஞ்சுகளும் இருக்கக்கூடும். வண்ணம் மங்கிற்று என்பதற்காக அவற்றை விறகாக்குதல் சிக்கனமன்று. 30-12-2011 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த ‘தானே’ புயலில், இவ்வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் பெருமளவில் சாய்ந்ததை நம் விவசாயிகள் அறிவர். ஒரு பலாமரம் வைரம் பாய்வதற்குப் பல்லாண்டுகள் செல்லும். ஆகவே கையிலுள்ள மரத்தைப் பேணுவதே அறிவுடைமையாம்.

வெளிறிய நிறமும், பலகாலம் புழங்கிய சாயலும் கொண்ட மரச்சாமான்களை இன்று நகரத்தார் சிலர் விரும்பி வாங்குகின்றனர். இத்தோற்றத்தை நம் கிராமத் தச்சர்கள் பாலும் சுண்ணாம்பும் கொண்டே உண்டாக்கலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கருவுற்ற தாய்மார்க்கும் தீங்கு விளைக்கும். வீட்டு வண்ணங்களில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் மத்திய அரசின் விதிகள் 2016-இல் வகுக்கப்பெற்று, 1-11-2017 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முற்பட்ட பூச்சு எதனையும் ஐயத்துடன் நோக்குவதே நலம். அதனைச் சுரண்டவோ எரிக்கவோ வேண்டா. அதன்மேல் பாற்பூச்சும் நன்கு பற்றாது. ஈயமற்ற புதிய வண்ணத்தால் முழுவதும் மூடிவிடுவதே தக்கது. கீழே கூறும் முறை, வண்ணம் பூசப்படாத வெறும் மரத்திற்கே உரியது.

கொழுப்பு நீக்கிய பால் 1 லிட்டர், நீற்றிய சுண்ணாம்புத் தூள் 30 கிராம், கடைகளில் சாக்பவுடர் எனப்படும் சீமைச்சுண்ணாம்புத் தூள் ஏறக்குறைய 1 கிலோ ஆகியவற்றைச் சேகரித்துக்கொள்க. சுண்ணாம்பைச் சிறிது பாலில் குழைத்து, எஞ்சிய பாலைச் சேர்த்து, சீமைச்சுண்ணாம்புத் தூளையும் கலக்கித் துணியில் வடிகட்டுக. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் சுண்ணாம்புடன் சேர்ந்து பசையாகித் தூளை மரத்துடன் பிணைக்கிறது. இக்கலவை கெடுமாதலால் அன்றே பயன்படுத்துக. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. கண்ணில் தெறிக்காமல் காத்துக்கொள்க.

மரத்தைக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி உலர்த்துக. கலவையில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துக் காவி சேர்த்து முதற்பூச்சாக இடுக. அது காய்ந்தபின், நாற்காலியின் கைப்பிடி, மேசையின் விளிம்பு முதலிய கைபடும் இடங்களில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்க்க. எஞ்சிய கலவையில் மஞ்சட்காவி சிட்டிகையளவு சேர்த்து மேற்பூச்சிடுக. மறுநாள் மெழுகிட்ட இடங்களை ஈரத்துணியால் தேய்த்தால் மேற்பூச்சு உதிர்ந்து காவி நிறம் தோன்றும். நெடுநாள் புழங்கியது போன்ற தோற்றம் இவ்வாறே கிடைக்கிறது. இறுதியில் தேன்மெழுகு தடவி மெருகிடுக. எண்ணெய் தடவினால் வெளிறிய நிறம் கருத்துவிடும்.

பலா, தேக்கு போன்ற மரங்களின் சாறு பூச்சில் கறையாக ஊறக்கூடும். ஆதலின் அடிப்பலகையில் முன்னதாகச் சோதித்துப் பார்க்க. நல்ல பலாப்பலகையின் மஞ்சள் நிறம் நாளடைவில் பழுப்பாகித் தானே அழகு பெறும், அதனை மூடவேண்டுவதில்லை. சாதாரண மரங்களுக்கே இப்பூச்சு பொருந்தும்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வண்ணம் வாங்குங்கால் டப்பாவின்மீது ஈயம் பற்றிய குறிப்பைப் படித்தே வாங்குவார்களாக. பழமைத் தோற்றம் புதிய பூச்சிலேயே அமையட்டும். பழைய பூச்சின் நஞ்சு நம் குழந்தைகளை அணுகாதிருக்கட்டும்.