குழந்தைகளின் பேதியும் போஷணைக் குறைவும்

சிசுக்களுக்குக் கடும் பேதி கண்டால் பல் முளைப்பதன்மேல் பழி போடுவது கிராமங்களில் வழக்கம். உண்மைக் காரணம் கிருமிகளே. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக 7 இடங்களில் நடத்தப்பெற்று 2013-ல் வெளியான ஆராய்ச்சியில் ரோட்டா வைரஸ், ஷிகெல்லா, கிரிப்டோஸ்போரிடியம், ஒருவகை ஈ.கோலை ஆகிய நான்குமே முதன்மையாகக் காணப்பட்டன. மலத்தினின்று ஜலம், கை முதலியவற்றின் வழியாக இவை வாய்க்குள் செல்கின்றன.

கிருமியினால் குடலின் உட்புறம் சேதமுறவே, உண்ட ஆகாரத்தின் சத்து தேகத்திற் சேர்வதில்லை, பசியும் மந்தமாகிறது. மெலிந்த குழந்தைக்கோ, குடல் ஆறவும் கிருமியை எதிர்க்கவும் வலுவிராது. அடுத்த பேதி முன்னதினும் நீடிக்கிறது. இந்நிலையில் பட்டினி போடுவது, அன்பினாற் செய்யினும், பெருந்தீங்காம்.

தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி சிறிது சிறிதாகப் புகட்டுக. சோறுண்ணும் வயதினர்க்குக் குழைந்த சாதமும் பருப்பும் ஏற்றவை. வைத்தியர் கூறும் துத்தநாக மருந்தைப் பேதி நின்ற பின்னரும் 14 நாள் பூர்த்தியாகும்வரை கொடுத்தல் வேண்டும். கண் குழிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.