புயல் வருமுன் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. வீடிழந்தவர்கள் பள்ளிகளில் தங்கினார்கள். பள்ளி முகாமானால் மருத்துவக் குழுவும் அங்கேதான் வரும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையம் பேரிடருக்கு எப்படித் தயாராகிறது என்பதை ஆசிரியர்களாகிய நாமும் தெரிந்துவைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

மின்சாரம் நின்றால் முதல் கவலை தடுப்பூசி மருந்துதான். அது 2 முதல் 8 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும். அதற்கான குளிர்சாதனப் பெட்டியின் உட்சுவரில் பனிக்கட்டி அடுக்கு உண்டு. மூடியைத் திறக்காமல் வைத்தால் மின்சாரம் இல்லாமலும் பல மணி நேரம் குளிர் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டர் ஓட வேண்டும்; இல்லையேல் மருந்தை மின்சாரம் உள்ள வேறு நிலையத்துக்கு மாற்ற வேண்டும். ஜெனரேட்டர் இருந்து டீசல் இல்லாவிட்டால் என்ன பயன்? மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதனுள் சிறு சதுரமும் அச்சிட்டிருக்கும். வெப்பம் படப்பட அந்தச் சதுரம் கருக்கும். வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும்வரை மருந்தைப் பயன்படுத்தலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் கழித்துவிட வேண்டும். உறைந்து கெட்ட மருந்தை மட்டும் இது காட்டாது. வேதிமாற்றப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது பட்டியல். கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பிணிகளின் பேறுகால நாட்கள் எழுதியிருக்கும். எச்சரிக்கை வந்ததும், நாள் நெருங்கியவர்களை முன்னதாகவே மருத்துவமனையில் சேர்த்துவிடுகிறார்கள். சாலையில் மரம் விழுந்தபின் 108 வண்டி வந்து சேர முடியாதல்லவா? சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய் ஆகியவற்றுக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. மாத்திரை அட்டை நனைந்துபோகும். முகாமில் பலர் நடுவே கேட்கவும் கூச்சம். இவர்களுக்குப் புயலுக்கு முன்பே மாத்திரை கொடுத்துவிடுவதுதான் வழி.

மழை விட்டபின் குடிநீரில் குளோரின், வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், பாம்புக்கடி மருந்து, எலிக்காய்ச்சல் கண்காணிப்பு என்று வேலை நீளும். முகாமில் இருந்த நாட்களில் தடுப்பூசி தவறிய குழந்தைகளைத் தேடிப் போட வேண்டியதும் உண்டு. இதில் வகுப்பாசிரியரின் உதவி பெரிது. யார் எந்த உறவினர் வீட்டுக்குப் போனார்கள் என்பது பிள்ளைகளைக் கேட்டால் தெரிந்துவிடும்.

பள்ளியில் தண்ணீர் ஏறாத, முதியவர்கள் படியேறாமல் வரக்கூடிய ஓர் அறையை மருத்துவக் குழுவுக்கென்று ஐப்பசிக்கு முன்பே குறித்து வையுங்கள். சாவி இருவரிடம் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை அந்த அறைக் கதவிலேயே எழுதிவிடலாம்.