ஹீட்டர் ஓடியும் கால் ஜில்லிடுகிறதா? லண்டனின் பழைய வீடுகளில் தரைக்கு அடியில் நடப்பது என்ன?

லண்டனின் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு, டூட்டிங் போன்ற தமிழர்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்ட பழைய வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பல வீடுகளுக்கு வயது 100-ஐத் தாண்டிவிட்டது. கடன் வாங்கி இப்படியொரு வீட்டில் குடியேறுபவர்களுக்கு முதல் குளிர்காலத்திலேயே வரும் கேள்வி: "ஹீட்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கு, கால் மட்டும் ஏன் ஜில்லுன்னு இருக்கு?"

காரணம் தரைத்தளத்துக்கு அடியில் இருக்கிறது. அதைச் சொந்தமாகவே சரிசெய்யவும் முடியும். ஆனால், தப்பாகச் செய்தால் சில வருடங்களில் தரையே உளுத்துப்போகும்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

இந்த வீடுகளின் தரை பெரும்பாலும் மண் மீது போட்ட சிமென்ட் தளம் கிடையாது. சுவருக்குச் சுவர் மரச் சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் பலகை அடித்திருப்பார்கள். பலகைக்குக் கீழே வெற்றிடம். அங்கே ஈரம் தங்காமல் இருக்க, வெளிச்சுவரின் அடியில் 'ஏர் பிரிக்' எனும் துளைச் செங்கற்கள் இருக்கும். அவற்றின் வழியாக நுழையும் குளிர்காற்று, பலகை இடுக்குகளிலும் சுவரோரச் சந்திலும் புகுந்து அறைக்குள் வருகிறது.

எவ்வளவு மிச்சமாகும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 4 மீட்டருக்கு 4 மீட்டர் அறை. ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு வெளியேறும் வெப்பம் 0.7 வாட்டிலிருந்து 0.25 வாட்டாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 10 டிகிரி வித்தியாசம் என்றால் மிச்சம் 72 வாட். 200 நாள் குளிர்காலத்துக்குச் சுமார் 345 யூனிட். ஒரு யூனிட் கேஸ் 6 பென்ஸ் என்றால் வருடத்துக்கு 20 பவுண்டு சொச்சம்தான்.

"இவ்வளவுதானா?" என்று தோன்றலாம். ஆனால், இந்தக் கணக்கில் இடுக்கு வழியாக வரும் காற்று சேரவில்லை. அதை அடைத்தால் கிடைக்கும் சுகம் பில்லில் தெரிவதைவிடக் காலில்தான் முதலில் தெரியும். பணம் மட்டுமே நோக்கம் என்றால், மாடிக்கூரைக்கு இன்சுலேஷன் போடுவதுதான் முதல் வேலை.

எப்படிச் செய்வது?

* சுவரோரப் பட்டையைக் கழற்றி, பலகைகளுக்கு எண் எழுதிவிட்டு ஒவ்வொன்றாகப் பெயர்க்க வேண்டும்.
* சட்டங்களுக்கு இடையே தூளி கட்டுவதுபோல, நீராவி ஊடுருவக்கூடிய துணி அல்லது வலையைத் தொங்கவிட்டு ஸ்டேபிள் அடிக்க வேண்டும்.
* அந்தத் தூளியில் மினரல் வுல் அல்லது மரநார் இன்சுலேஷனைச் சட்டத்தின் முழு ஆழத்துக்கும் இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும். அமுக்கித் திணித்தால் பலன் குறையும்.
* மேலே காற்றுப் புகாத ஷீட் விரித்து, ஓரங்களைச் சுவரோடு டேப் போட்டு ஒட்ட வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இதுதான். வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று கீழே இறங்கிக் குளிர்ந்த மரத்தில் நீராகப் படியாமல் தடுப்பதும் இதுவே.
* பிறகு பலகையைத் திரும்ப அடிக்கலாம்.

எங்கே தப்பு நடக்கிறது?

"குளிர்காற்றுதானே பிரச்சினை, ஏர் பிரிக்கையே அடைச்சுட்டா என்ன?" அங்கேதான் வினை ஆரம்பம். காற்றோட்டம் நின்றால் வெற்றிடத்தில் ஈரம் தேங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடித்து உளுக்க ஆரம்பிக்கும். இன்சுலேஷன் போட்ட பிறகு கீழ்ப்பகுதி முன்பைவிடக் குளிராக இருக்கும் என்பதால் காற்றோட்டம் இன்னும் முக்கியம். சட்டத்தின் முனை ஏற்கெனவே மெத்தென்று இருந்தால், முதலில் ஈரம் வரும் வழியைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகுதான் இன்சுலேஷன்.

பலகையைப் பெயர்க்கும் முன்...

* கேஸ், தண்ணீர்க் குழாய்கள் பலகைக்கு நேர் கீழேயே போகலாம். இடம் தெரியாமல் ஆணி அடிக்கக் கூடாது. வெற்றிடத்தில் போகும் தண்ணீர்க் குழாய்களுக்கு உறை போடாவிட்டால் உறைந்துபோகலாம்.
* மின் ஒயரை இன்சுலேஷனுக்குள் புதைத்தால் அது சூடாகும். எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுவது நல்லது.
* பழைய டைல்ஸும் அதை ஒட்டிய கறுப்புப் பசையும் இருந்தால் கை வைக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டன் அதை முழுமையாகத் தடை செய்தது 1999-ல்தான்.
* அறையில் கணப்பு அடுப்போ பழைய கேஸ் ஹீட்டரோ இருந்தால், அது எரியத் தேவையான காற்று இந்த இடுக்குகள் வழியாகவே வந்துகொண்டிருக்கலாம். தனியாகக் காற்றுவழியும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவசியம்.

அனுமதி, வரி எப்படி?

இங்கிலாந்தில் ஒரு தரையின் பாதிக்கு மேல் புதுப்பித்தால் உள்ளூர் கட்டட விதிப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். மேலே கணக்கில் சொன்ன 0.25-தான் அவர்கள் எதிர்பார்க்கும் அளவு. பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிடப்பட்ட வீடு என்றால் தனி அனுமதி தேவை.

வரியில் ஒரு விஷயம் உண்டு. ஒப்பந்ததாரர் பொருளோடு வந்து பொருத்தினால் 2027 மார்ச் வரை வாட் வரி பூஜ்யம். பொருளை மட்டும் கடையில் வாங்கிச் சொந்தமாகப் போட்டால் 20 சதவீதம். கூலி மிச்சம் என்று முடிவெடுக்கும் முன் இரண்டு விலையையும் ஒப்பிட வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்?

உரிமையாளரைக் கேட்காமல் பலகையில் கை வைக்க முடியாது. ஆனால், கனமான விரிப்பு போடலாம். அவர் சம்மதித்தால் இடுக்குகளையும் சுவரோரச் சந்தையும் அடைக்கலாம். ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. சொந்த வீட்டுக்காரர்களும் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். தரையைப் பெயர்க்க வேண்டிய வேறு வேலை வரும்போது இன்சுலேஷனையும் சேர்த்து முடித்துவிடலாம்.