பார்வைப் பறவை

ரயில் நிலையத்தில் ஒரு வண்டியில் பலர் ஏறக் கண்டால், விசாரியாமலே தாமும் ஏறிவிடுவோர் உளர். பறவைகளின் இயல்பும் அதுவே. தம் இனம் அமைதியாக அமர்ந்திருக்கும் இடத்தில் அபாயம் இல்லையென அவை நம்புகின்றன. இந்நம்பிக்கையையே வேடன் வலையாக்கிக் கொண்டான்.

இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க வைக்கும் பறவைக்கும் விலங்கிற்கும் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயர். அமெரிக்காவின் நெவாடா மாநிலக் குகையொன்றில் 1924-ஆம் ஆண்டில் கோரையால் முடைந்த 11 வாத்துப் பொம்மைகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பழமையானவை.

பொம்மைகளை நிறுத்துவதிலும் நுட்பம் உண்டு. வாத்து எதிர்க்காற்றில் இறங்குவது. ஆகவே கயிற்றில் எடை கட்டிப் பொம்மைகளை மிதக்கவிட்டு, இறங்குவதற்கு நடுவே வெற்றிடம் விடுவர். நெருக்கி வைத்தால், மிரண்ட கூட்டமென்று கருதி வாத்துகள் விலகிவிடும்.

நம் நாட்டு வேடனுக்கோ மண்பானையே போதுமானதாயிற்று. வெறும் பானைகளைச் சில நாட்கள் ஏரியில் மிதக்க விடுவான். வாத்துகள் அவற்றிற்குப் பழகியபின், கண்துளையிட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக் கழுத்தளவு நீரில் மெல்ல நகர்ந்து, வாத்தின் காலைப் பற்றி நீருக்குள் இழுப்பான். அருகிலுள்ள வாத்தும் அறியாது!

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் காட்டு வாத்து வேட்டை குற்றமாகிவிட்டது. சட்டத்திற்கு வெகுகாலம் முன்பே வேடந்தாங்கல் மக்கள் வழிகாட்டினர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அவர்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டுத் தடையாணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமென்பதை அவ்வுழவர் அறிந்திருந்தனர்.

அதே பொம்மை இன்று வாழ்வளிக்கவும் பயன்படுகிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத் தீவொன்றில் வேட்டையால் அற்றுப்போன பஃபின் என்னும் கடற்பறவையை மீட்க, 1973-இல் ஸ்டீபன் கிரெஸ் என்பவர் முயன்றார். வேறிடத்துக் குஞ்சுகளைக் கொணர்ந்து வளர்த்தார். பின்னர் பாறைகளில் மரப் பொம்மைகளை நிறுத்தினார். 1981-இல் பறவைகள் மீண்டும் அங்கே கூடு கட்டின.

அன்பர்களே! குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து தக்காணத்து ஏரிகளுக்கு ஊசிவால் வாத்தும் கிளுவையும் வருகின்றன. நம் ஹப்சிகுடாவிற்கு அடுத்த உப்பலில் நல்ல செருவு இருக்கிறது. குழந்தைகளை எந்த ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றாலும், கல்லெறியாமலும் குப்பை போடாமலும் எட்டி நின்று காணப் பழக்குவோம். அச்சமின்றி அமர்ந்திருக்கும் ஒரு வாத்தே அடுத்த வாத்திற்குப் பார்வை; அதனினும் மேலான பொம்மையை எவரும் செய்ய இயலாது.