கால்வாய்த் தண்ணீரும் நாற்பது பக்க நோட்டும்



மே மாதக் கடைசியில் ஒருநாள், ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் வாடிப்பட்டி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். காலடியில் விதைநெல் மூட்டை.

"எப்பண்ணே நாத்துப் பாவப் போறீங்க?" என்றேன்.

"தண்ணி வரட்டும் தம்பி, பாத்துக்கலாம்."

"போன வருசம் எப்படி?"

"அதை ஏன் கேக்குறீங்க! நடவுக்கு ஆள் கிடைக்கலை, நாத்து முத்திப்போச்சு. பால் பிடிக்கிற நேரத்துல வாய்க்கால்ல தண்ணி நின்னுபோச்சு. பாதி பதர்."

"இந்த வருசம் என்ன ரகம்?"

"அதே 135 நாள் ரகந்தான்."

இந்தப் 'பாத்துக்கலாம்' நம்மில் பலருக்கும் உள்ளதுதான். வேலைத் திட்டம் மனசில் இருந்தால் போதாது, காகிதத்தில் இருக்க வேண்டும். எப்படி எழுதுவது?

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாறு பிரதானக் கால்வாயில் இருபோகப் பாசனம் சுமார் 45,000 ஏக்கர். நல்ல ஆண்டில் ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் வரும். அணையில் இருப்பு குறைந்தால் தள்ளிப்போகும். முதல் போகத்துக்கு வழக்கமாக 120 நாள் தண்ணீர். முதல் 45 நாள் தொடர்ந்து, அடுத்த 75 நாள் முறை வைத்து. ஆகவே நோட்டில் தேதி எழுதாதீர்கள். தண்ணீர் வந்த நாளை முதல் நாளாக வைத்து நாள் கணக்கு எழுதுங்கள். தண்ணீர் தள்ளிப்போனாலும் திட்டம் கெடாது.

கோ 51 போன்ற 105-110 நாள் ரகம் என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கத்தில் இப்படி எழுதலாம்:

தண்ணீருக்கு முன்: ஏக்கருக்கு 24 கிலோ விதை, 8 சென்ட் நாற்றங்கால், நடவு ஆளுக்குச் சொல்லிவைப்பது.
3-ஆம் நாள்: முளைகட்டிய விதை பாவுதல்.
25-ஆம் நாள்: நடவு.
45-ஆம் நாளுக்குள்: களை எடுத்து முதல் மேலுரம்.
80-ஆம் நாளை ஒட்டி: கதிர் வெளிவரும். முறைத் தண்ணீரைத் தவறவிடக் கூடாது.
100-ஆம் நாள்: தண்ணீரை வடித்தல்.
110-ஐ ஒட்டி: அறுவடை.

ஒவ்வொரு வரியிலும் யார் செய்வது, எவ்வளவு பணம் என்பதையும் குறியுங்கள். இதில் இருபது நாள் கைவசம் மிஞ்சுகிறது. 135 நாள் ரகத்துக்கோ, ஒருநாள்கூடத் தாமதிக்காவிட்டாலும் 128-ஆம் நாள் வரை தண்ணீர் வேண்டும். கால்வாய் 120-லேயே நின்றுவிடும். கிணறு இல்லாதவர் என்ன செய்வார்?

வலது பக்கம் காலியாக இருக்கட்டும். அது நடந்ததை எழுதுவதற்கு. ஞாயிறுதோறும் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து, எந்த வேலை எந்த நாளில் முடிந்தது, தள்ளிப்போனால் ஏன் என்று ஒரு வார்த்தையில் எழுதுங்கள். 'ஆள் இல்லை', 'பணம் இல்லை', 'மழை', 'மறதி'. மறதி என்று எழுத வெட்கப்பட வேண்டாம். அந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. அறுப்பு முடிந்தபின் ஞாபகத்தில் எழுதினால் பழியெல்லாம் மழைமேலேயே விழும்!

அறுப்பு முடிந்ததும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆளால் தாமதம் என்றால், அடுத்த போகத்தில் பக்கத்து வயல்காரரோடு பேசி நடவை முன்பின்னாக வைத்துக்கொள்ளலாம். பணத்தால் என்றால், கூட்டுறவுக் கடனுக்கு முன்கூட்டியே மனுப் போடலாம். மழையை மாற்ற முடியாது, மற்றதை மாற்றலாம்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். "எழுத்து வராதே தம்பி" என்றார். "பேரன்கிட்டச் சொல்லுங்கண்ணே, எழுதுவான்" என்றேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். 128 என்றதும் நிறுத்தினார். வாடிப்பட்டி பஸ் வந்தது, அவர் ஏறவில்லை.

"நீங்க போங்க தம்பி. இந்த மூட்டையை மாத்திட்டு அடுத்த பஸ்ஸுல வர்றேன்."